பெரிய எழுத்தில் எழுதிய பதில்

திருமங்கலம்
8-2-2004

அன்புத் தங்கச்சி ஆன்மேரிக்கு, அண்ணன் ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது. சேசுவுக்குப் புகழ். இங்கு நானும் உன் அண்ணி அற்புதமேரியும் சுகம். செவலை மாடும் சுகம், பால் குறையாமல் கறக்கிறது. பெங்களூரில் நீயும் மாப்பிள்ளை ஜெய்சனும் சுகம்தானே? உன் தலைவலி எப்படி இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என்னை இன்டர்நெட்டில் அந்த மேழி மன்றத்தில் சேர்த்துவிட்டுப் போனாயே, அதிலிருந்து எனக்குப் பொழுது போதவில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் முடிந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டு ப்ரௌசிங் சென்டர்தான். மாட்டுக்கு மடி வீங்கினால் என்ன செய்வது, தென்னைக்கு உப்பு எவ்வளவு வைப்பது என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். நானும் ஒரு மாடு வைத்திருக்கிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தேன். பதில் எழுதும் பெட்டிக்கு மேலே 'தலைப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எழுதியதை முழுக்கத் தேர்ந்து அதை அழுத்தினால் எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம் மாதிரி தடித்துப் பெரிதாகிவிடுகிறது. மற்றவர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுகிறார்கள், யார் படிப்பது? நம் பள்ளி நோட்டீஸ் போர்டில் நான் கற்றது இதுதான். சிவப்புச் சாக்பீஸில் பெரிதாக எழுதினால்தான் பையன்கள் நின்று பார்ப்பார்கள். இப்போது என் பதிலுக்குத்தான் நன்றி அதிகம். மலேசியாவிலிருந்து ஒருவர் 'ஐயா' என்று எழுதியிருந்தார். அண்ணியிடம் மூன்று தரம் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
ஆசீர்வாதம்


பெங்களூர்
22-2-2004

அன்புள்ள அண்ணனுக்கு ஆன்மேரி வணக்கமாய் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். தலைவலி முன்னளவு இல்லை. புதன்கிழமை தபசு காலம் தொடங்குகிறது, ஒருசந்தி நோன்பு என்று சொல்லிக்கொண்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

அண்ணா, ஒரு விஷயம். அந்த மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் மூன்று நிர்வாகிகளில் நானும் ஒருத்தி என்று உங்களுக்குத் தெரியும். மன்றத்துக்குள்ளே எழுதினால் நிர்வாகி எழுதியதாகிவிடும். உங்களுக்குத் தங்கையாக எழுத வேண்டும் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

தலைப்புப் பொத்தான் கவனத்தை இழுப்பதற்கு இல்லை. பதில் நீளமாக இருந்தால் நடுநடுவே 'நோய்', 'மருந்து' என்று பகுதி பிரிப்பதற்கு. முழுப் பதிலையும் தலைப்பாக்கினால் பக்கத்தில் அது மட்டும்தான் தெரியும். அதுதான் மன்றமே ஒப்புக்கொண்ட பதில் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துவிடுவார்கள். ரிட்டயர்டு கால்நடை மருத்துவர் முத்துக்கருப்பன் ஒருவர் எழுதுகிறார், கவனித்தீர்களா? நாலே வரிதான் எழுதுவார், அத்தனையும் அனுபவம். உங்கள் எழுத்துக்குக் கீழே அவர் எழுதியது கண்ணிலேயே படுவதில்லை.

வேறு ஏழெட்டுப் பேரும் இப்படிச் செய்தார்கள். அவர்களுடையதைச் சாதாரண எழுத்தாக்கினேன். உங்களுடையதையும் ஆக்கியிருக்கிறேன். பதிலில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
ஆன்மேரி


திருமங்கலம்
6-3-2004

ஆன்மேரிக்கு, சுகம். சுகமறிய ஆவல்.

உன் கடிதம் வருவதற்கு முந்தியே பார்த்துவிட்டேன். என் பதினோரு பதிலும் சுருங்கிக் கிடந்தன. ப்ரௌசிங் சென்டர்க்காரர், "என்ன சார், ஒங்க எழுத்தெல்லாம் வத்திப்போச்சு" என்று கேட்டுச் சிரித்தார். கோளாறு என்றேன்.

இருபத்தேழு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நான் எழுதிய சுற்றறிக்கை ஒவ்வொன்றுக்கும் கீழே வேறொருவர் கையெழுத்து. விழா மலரில் ஆசிரியர்களோடு வாட்ச்மேன் பெயர்கூட இருக்கும், என் பெயர் விட்டுப்போயிருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் என் பெயரைப் பார்த்தார்கள். அதை அழிக்க என் வீட்டிலிருந்தே ஒரு கை வர வேண்டியிருந்தது.

டாக்டர் எழுதட்டும். நான் இனி எழுதவில்லை.

ஆசீர்வாதம்


பெங்களூர்
12-4-2004

அன்புள்ள அண்ணனுக்கு, உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நாங்கள் நலம். ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து உங்கள் வாழ்த்து அட்டை வராத ஈஸ்டர் இதுதான். போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறாள். "ஒங்க அண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருக்காரு" என்கிறாள். ஒரு மாட்டுக்கு எத்தனை நேரம் தண்ணீர் காட்டுவீர்கள்?

நேற்று பூசையில் உட்கார்ந்திருந்தபோது என் காலேஜ் விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. ஒரு திருத்தல்கூட இல்லாமல் நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "யார் கையெழுத்து, அச்சுக் கோத்த மாதிரி இருக்கு" என்று கேட்டார். அதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பதினோரு பதிலையும் பழையபடி பெரிதாக்கிவிட்டேன். மற்ற இரண்டு நிர்வாகிகளிடமும் பேசிவிட்டேன். இனி உங்கள் எழுத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், நானும் வைக்க மாட்டேன். எழுதுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
ஆன்மேரி


திருமங்கலம்
9-5-2004

என் அன்புத் தங்கச்சிக்கு, சேசுவுக்குப் புகழ். எல்லோரும் சுகம். மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறிவிட்டதா? பெங்களூர் மாம்பழத்தைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நானும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

இங்கே கோடை மழை விடாமல் பெய்கிறது. ரெண்டு வருடம் காய்ந்து கிடந்த மண், ஜனங்கள் முகமே மாறிவிட்டது. மன்றத்திலும் கேள்விக்குப் பஞ்சமில்லை. எழுமலை பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடையும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கும் நல்லகாமன் என்பவர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்காகக் கேள்வி கேட்டு, வரும் பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறாராம். முந்தாநாள்கூட யாரோ ஒரு பெண்ணுக்காக, மாட்டுக்குச் சோளம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். கேள்வி வந்த பத்தாவது நிமிடம் என் பதில் போய்விட்டது. பச்சைத் தீவனத்தின் பெருமையைப் பன்னிரண்டு வரி எழுதி மொத்தத்தையும் தலைப்பாக்கினேன். உன் டாக்டர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அவர் எழுதியதை நான் படிக்கவில்லை. முந்திக்கொண்டது நான்தானே!

உன் அண்ணன்,
ஆசீர்வாதம்


பெங்களூர்
30-5-2004

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். நலமறிய ஆவல்.

ஜெய்சனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. செவலை மாடு எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், உங்களுக்கு ஆபீசில் வேலை அதிகமாக இருக்கும். கொஞ்ச நாளைக்கு ப்ரௌசிங் சென்டர் பக்கம் போகாதீர்கள். அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. போன வருடமே கண் டாக்டர் கண்ணாடி மாற்றச் சொன்னார் இல்லையா?

வேறு விசேஷம் இல்லை.

ஆன்மேரி


திருமங்கலம்
20-6-2004

அன்புத் தங்கச்சிக்கு, இங்கு சுகம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? மிளகு ரசம் வைத்துக் கொடு.

கண்ணாடி மாற்றிவிட்டேன். புதுக் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றைக் காணோம். எழுமலைக்காரருக்கு நான் எழுதிய சோளம் பதில் இல்லை. சுருங்கவும் இல்லை, ஆளே காணாமல் போய்விட்டது. டாக்டர் எழுதியது மட்டும் இருக்கிறது. கை வைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதனால் உன்னைச் சந்தேகப்படவில்லை. அந்த மற்ற இரண்டு பேரில் யாராவது செய்தார்களா? விசாரித்து எழுது.

உன் கடிதம் இந்தத் தடவை தந்தி மாதிரி இருந்தது. அண்ணி உனக்கு ஏதாவது விசேஷமாக இருக்குமோ என்று கேட்கிறாள்.

ஆசீர்வாதம்


பெங்களூர்
4-7-2004

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். அண்ணி நினைத்த மாதிரி விசேஷம் எதுவும் இல்லை.

சர்வரில் ஒரு கோளாறு. சில பதில்கள் போய்விட்டன. திரும்ப வராது என்கிறார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்மேரி


திருமங்கலம்
18-8-2004

ஆன்மேரிக்கு, அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் இல்லை.

போன சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் என்னைத் தேடி நின்றாள். நாற்பது வயது இருக்கும். பெயர் செல்லக்கிளி, எழுமலைக்குப் பக்கம். பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்து விசாரித்து, "கம்ப்யூட்டர்ல எழுதுற ஆசீர்வாதம் சார் யாரு" என்று கேட்டு வந்திருக்கிறாள். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கூட்டி வந்தார். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, ஆன்மேரி. அதையும் எழுதிவிடுகிறேன்.

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. என் பதில். பன்னிரண்டு வரியும் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன, அடியில் என் பெயரும் ஊரும். நல்லகாமன் முதல் பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்திருக்கிறார். இவ்வளவு பெரிதாகப் பதில் இருக்கும்போது அடுத்த பக்கம் எதற்கு என்று நினைத்திருப்பார். டாக்டர் எழுதிய நாலு வரி அடுத்த பக்கத்தில் இருந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அய்யா, நீங்க எழுதுனபடிதான் செஞ்சேன். காஞ்சு நின்ன சோளம் மழைக்குத் துளுத்து வந்துச்சு. அதுல மாட்டை விடக்கூடாதுன்னு எங்க சனத்துக்குத் தெரியும். எங்க மாமியாளும் வேண்டாம்னுதான் சொல்லுச்சு. நாந்தான், கம்ப்யூட்டர்லயே இம்புட்டுப் பெரிசாப் போட்டிருக்கு, அது பொய்யா சொல்லும்னு அவுத்து விட்டேன். ரெண்டு மாடும் வாயில நுரை தள்ளி, அரை மணி நேரத்துல விழுந்து போச்சுய்யா. டாக்டரு வரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. சண்டைக்கு வரலைய்யா. நான் எதுல தப்புப் பண்ணுனேன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

கேள்வியை நான் முழுசாகப் படிக்கவே இல்லை. நன்றாக விளைந்த தீவனச் சோளம் என்று நானே நினைத்துக்கொண்டு, முந்த வேண்டும் என்ற அவசரத்தில் எழுதினேன். அவள் தன் தப்பு என்ன என்று கேட்டு என் முன்னால் நிற்கிறாள். தன் தப்பு!

காப்பி வாங்கிக் கொடுத்தேன். "உன் மேல தப்பு இல்லம்மா" என்றேன். என் மேல்தான் என்று சொல்லவில்லை. எழுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து கும்பிட்டாள்.

சர்வர் கோளாறு என்று எழுதினாய். அது உண்மையா?

அண்ணன்


பெங்களூர்
29-8-2004

அண்ணனுக்கு, சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், தூங்கினீர்களா?

அது பொய். மே இருபதாம் தேதியே நல்லகாமன் புகார் அனுப்பிவிட்டார். புகார் நிர்வாகிகளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாரம் பார்க்க வேண்டிய முறை என்னுடையது. மாடு இரண்டும் செத்துப்போன செய்தியை நான்தான் முதலில் படித்தேன். உங்கள் பதிலை அழித்தேன், புகாரையும் அழித்தேன், நல்லகாமனுக்கு ஒரு வரி பதில்கூடப் போடவில்லை. பிறகு உங்களுக்குக் கண் வெளிச்சம் பற்றிக் கடிதம் எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அந்தப் பதிலைப் போட்ட அன்றே நான் பார்த்தேன். கேள்வியைப் படித்தேன், சோளம் பூவெடுக்கும் வரை கொடுக்கவே கூடாது என்று டாக்டர் எழுதியதையும் படித்தேன். உங்கள் எழுத்தைச் சிறிதாக்கி, டாக்டர் பதிலை மேலே கொண்டுவர ஒரு நிமிடம் போதும். கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மறுபடி ஒரு ஈஸ்டர் உங்கள் அட்டை இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். உங்கள் மனசு நோகக்கூடாது என்று பார்த்தேன், செல்லக்கிளியின் மாடு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தே விட்டுவிட்டேன். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

ஆன்மேரி


திருமங்கலம்
26-9-2004

அன்புத் தங்கச்சிக்கு, சேசுவுக்குப் புகழ். அண்ணி சுகம். நானும் பரவாயில்லை. இங்கே இப்போது காப்பிக்குப் பாக்கெட் பால்தான். அண்ணிக்கு அந்த வாடை பிடிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறாள்.

உன்னைத் திட்ட உட்கார்ந்து ரெண்டு தாளைக் கிழித்துவிட்டேன். திட்டு வரவில்லை. உன் கையைக் கட்டிப்போட்டது என் மௌனம்தான். ஒரு மாதம் போனை எடுக்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவன் நான்.

ஒரு உதவி கேட்கிறேன். இதோடு இருக்கும் தாளில் எழுதியிருப்பதை மன்றத்தில் போடு. சாதாரண எழுத்தில் போடாதே. அந்தப் பொத்தானை நான் இனித் தொடப்போவதில்லை, இந்த ஒரு தடவை எனக்காக நீ அழுத்து.

'மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். அதில் நஞ்சு இருக்கிறது. கொடுக்கலாம் என்று இங்கே எழுதியவன் நான். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் எழுதினேன். அதை நம்பிய ஒருவரின் மாடுகள் இரண்டு செத்துப்போயின. தப்பு என்னுடையது, அவருடையது இல்லை. ஆசீர்வாதம், திருமங்கலம்.'

உன் அண்ணன்,
ஆசீர்வாதம்


பெங்களூர்
17-10-2004

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் இருவரும் நலம்.

பாக்கெட் பால் என்று படித்ததுமே அண்ணிக்குப் போன் செய்தேன். செவலை மாட்டை ஒரு மினி லாரியில் ஏற்றி எழுமலைக்கு, செல்லக்கிளி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றாள். லாரி முக்குத் திரும்பும் வரை தெருவில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டீர்களாம். நீங்கள் கூடப் போகவில்லை என்பதையும் சொன்னாள்.

நீங்கள் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் தலைப்பாகப் போட்டேன். மன்றத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். அதற்குக் கீழே, 'அந்தப் பதிலைப் பார்த்தும் திருத்தாமல் விட்டவளும், வந்த புகாரை மறைத்தவளும் நான், நிர்வாகி ஆன்மேரி' என்று சின்ன எழுத்தில் எழுதினேன். படித்துப் பார்த்தால் யார் கண்ணிலும் படாத மாதிரிதான் இருந்தது. அதையும் உங்கள் எழுத்தளவுக்குப் பெரிதாக்கினேன். மறுநாள் நிர்வாகிப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நல்லகாமன் அதைப் பிரிண்ட் எடுத்து எழுமலைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இந்தத் தடவை எல்லாப் பக்கமும் எடுத்தாராம். செல்லக்கிளிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அவள் சொன்னதை நேற்று மன்றத்தில் எழுதியிருந்தார்.

"போன தடவையும் இம்புட்டுப் பெரிசாத்தான போட்டிருந்துச்சு. இத மட்டும் எப்படி நம்புறது? மாடு குடுத்தனுப்புன மனுசன் எதுக்குத் தப்பா எழுதப்போறாரு? நாந்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், என் மனசு ஆறட்டும்னு இப்படி எழுதியிருக்காரு."

அண்ணா, அவள் இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தை இதற்கு மேல் பெரிதாக்க அந்தப் பொத்தானால் முடியாது. அவள் முன்னால் நின்று, வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் மட்டும் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலையில் திருமங்கலத்தில் இருப்பேன். எழுமலை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வையுங்கள்.

உங்கள் தங்கை,
ஆன்மேரி